நடுவில் நிற்பவருக்கு ஏன் இத்தனை பலம்?



"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கணுமே!" என்று நம் பாட்டிமார் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். கொடுக்கிறவர் ஒருவர், வாங்குகிறவர் ஒருவர். இடையில் நிற்கிறவர் கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. ஆனால் இருவரும் அவர் முகத்தைப் பார்த்தபடி நிற்கிறார்கள். இது என்ன விந்தை?

சுங்கைப் பட்டாணி வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த விந்தை புதிதல்ல. பாரம் நிரப்ப ஒருவர், கடன் வாங்கித் தர ஒருவர், வேலைக்குச் சேர்த்துவிட ஒருவர், மங்கில் உறைந்த பாலை விற்றுத் தர ஒருவர் என்று நம் வாழ்க்கை முழுவதும் 'நடு ஆள்' இருந்தே வந்திருக்கிறார். அவர்களில் நல்லவரும் உண்டு, பொல்லாதவரும் உண்டு. ஆனால் குணத்தை மட்டும் வைத்து அவருடைய பலத்தை அளக்க முடியாது. அந்தப் பலத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைத்தான் இன்று உங்களோடு உட்கார்ந்து போட்டுப் பார்க்கப் போகிறேன். பயப்பட வேண்டாம்! 12 வரை எண்ணத் தெரிந்தால் போதும்.

கங்காணி என்ற பாலம்

முதலில் நம் பாட்டன் பூட்டன் காலத்துக்குப் போய் வருவோம்.

மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே வளர்ந்து, அதற்குப் பின் ஓங்கி நின்றது கங்காணி முறை. தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருக்கும் ஒருவரையே துரை தேர்ந்தெடுப்பார். உரிமச் சீட்டு வாங்கிக் கொடுத்து, ஊருக்கு அனுப்பி, "உன் ஊரிலிருந்தே ஆள் கூட்டி வா" என்பார். அவர் திருச்சியோ, தஞ்சாவூரோ, சேலமோ, தம் கிராமத்துக்குப் போவார். சொந்தக்காரர், தெரிந்தவர், பஞ்சத்தில் வாடியவர் எல்லோரையும் திரட்டிக்கொண்டு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றிப் பினாங்கில் இறக்குவார். கூட்டி வந்த ஒவ்வொரு தலைக்கும் அவருக்குக் கூலி உண்டு. வந்தவர்கள் பெரட்டுக்கு வந்து வேலைக்குப் போகும் ஒவ்வொரு நாளுக்கும் 'தலைக்காசு' என்று ஓரிரு காசு தனியாக வேறு உண்டு.

துரைக்கோ தமிழ் சரியாக வராது. தொழிலாளிக்கு ஆங்கிலம் தெரியாது. துரைக்கு ஊர் தெரியாது. தொழிலாளிக்குக் காடு தெரியாது. இரண்டும் தெரிந்தவர் கங்காணி ஒருவரே. "துரை இப்படிச் சொல்கிறார்" என்று அவர் சொன்னால் அதுதான் துரையின் சொல். "ஆட்கள் இப்படிக் கேட்கிறார்கள்" என்று அவர் சொன்னால் அதுதான் ஆட்களின் கோரிக்கை. லீவு வேண்டுமா, நல்ல நிரை வேண்டுமா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கைமாற்று வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வாசல்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம்.

பன்னிரண்டு வெள்ளிக் கணக்கு

1944-ஆம் ஆண்டில் ஜான் வான் நியூமன் என்ற கணித மேதையும் ஆஸ்கர் மார்கன்ஸ்டர்ன் என்ற பொருளியலறிஞரும் அமெரிக்காவில் ஒரு தடித்த புத்தகம் வெளியிட்டார்கள். மனிதர்கள் பேரம் பேசுவது, கூட்டுச் சேர்வது, போட்டி போடுவது எல்லாம் ஒரு வகையில் சதுரங்கம் போன்ற ஆட்டமே. அடுத்தவர் என்ன செய்வார் என்று எண்ணித்தான் ஒவ்வொருவரும் காய் நகர்த்துகிறார்கள். அதைக் கணக்கில் எழுதிக் காட்டலாம் என்பது அவர்கள் வாதம். இதைத்தான் 'ஆட்டக் கோட்பாடு' என்கிறார்கள்.

அந்த வழியில் வந்த லாயிட் ஷாப்லி என்பவர் 1953-இல் ஓர் அழகான கேள்வி கேட்டார். பல பேர் சேர்ந்து ஒரு லாபம் ஈட்டினால், அதில் யாருடைய பங்கு எவ்வளவு? அதற்கு அவர் காட்டிய வழியை நம் தோட்டத்துப் பாணியில் சொல்கிறேன்.

துரை ஒருவர், தொழிலாளி ஒருவர், கங்காணி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மூவரும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். நடந்தால் 12 வெள்ளி லாபம். ஒருவர் குறைந்தாலும் ஒரு காசு கிடையாது. இப்போது மூவரும் ஒருவர் பின் ஒருவராக ஸ்டோருக்குள் நுழைகிறார்கள். எவர் நுழைந்ததும் வேலை கூடி வருகிறதோ, அவர் கையில் அந்த 12 வெள்ளியைக் கொடுங்கள். மூன்று பேர் வரிசையாக நுழைய மொத்தம் 6 விதம் உண்டு. ஒவ்வொருவரும் கடைசியாக நுழைவது 2 விதத்தில். ஆகவே சராசரி போட்டால் ஆளுக்கு 4 வெள்ளி.

பார்த்தீர்களா! மூலதனம் போட்டவருக்கு 4. முதுகு ஒடிய மரம் சீவியவருக்கு 4. மரத்தையும் தொடாமல் பணத்தையும் போடாமல் இடையில் நின்றவருக்கும் 4. அவர் இல்லாவிட்டால் இருவரும் சந்திக்கவே முடியாது என்பதுதான் காரணம்.

இப்போது இன்னொரு கங்காணி வருகிறார் என்று வையுங்கள். இரண்டு பேரில் யாராவது ஒருவர் இருந்தால் போதும், வேலை நடக்கும். நான்கு பேர் நுழைய 24 விதம். முதல் கங்காணியால் வேலை கூடி வர வேண்டுமானால் துரையும் தொழிலாளியும் ஏற்கெனவே உள்ளே இருக்க வேண்டும், இரண்டாம் கங்காணி இன்னும் வெளியே நிற்க வேண்டும். எண்ணிப் பாருங்கள், 24-இல் 2 விதம் மட்டுமே! ஆகவே அவர் பங்கு 1 வெள்ளி. இரண்டாமவருக்கும் 1 வெள்ளி. மீதி 10 வெள்ளியில் துரைக்கு 5, தொழிலாளிக்கு 5.

ஆள் மாறவில்லை, குணம் மாறவில்லை, உழைப்பு மாறவில்லை. பக்கத்தில் இன்னொரு வாசல் திறந்தது, அவ்வளவுதான். 4 வெள்ளி 1 வெள்ளியாக இறங்கிவிட்டது. துரையும் தொழிலாளியும் நேருக்கு நேர் பேசத் தொடங்கிவிட்டால் ஆளுக்கு 6. நடு ஆளுக்கு ஒன்றுமே இல்லை.

இது காகிதக் கணக்கு, உண்மைச் சம்பளப் பட்டியல் அல்ல என்பதை மறந்துவிடாதீர்கள். வாழ்க்கையில் அடியும் உதையும் சட்டமும் சாதியும் வந்து கணக்கைக் குழப்பும். ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை இந்தக் கணக்கு சரியாகக் காட்டிவிடும்.

துண்டுச் சீட்டின் கதை

இந்தக் காற்று மிகப் பலமாக அடித்த இடம் இலங்கைத் தேயிலைத் தோட்டம்.

அங்கே 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. பெரிய கங்காணிக்குத் துரை முன்பணம் கொடுப்பார். கங்காணி அதைத் தம் ஆட்களுக்குக் கடனாகக் கொடுப்பார். அந்தக் கூட்டம் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், "இவ்வளவு கடனை அடைத்துவிட்டு இவர்களைக் கூட்டிப் போகலாம்" என்று துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். அதுதான் துண்டு. புதிய துரை பணத்தைக் கட்டிக் கூட்டத்தை வாங்கிக்கொள்வார்.

இதில் யாருக்கு ஆதாயம் என்று நம் கணக்கை வைத்துப் பாருங்கள். ஆள் தேடி அலையும் துரைகள் பலர். கூட்டத்தைக் கையில் வைத்திருக்கும் கங்காணி ஒருவர். "அந்தத் தோட்டத்தில் கூடுதலாகத் தருகிறார்கள்" என்று ஒரு சொல் போதும், முன்பணம் ஏறும். துண்டுக்குத் துண்டு தொகை பெருத்தது. பெருத்த கடன் கடைசியில் யார் தலையில் இறங்கியது? மலைச் சரிவில் கொழுந்து பறித்த பெண்ணின் தலையில்தான்! கடன் என்பது பணம் மட்டும் அல்ல, தோழிகளே. வேறு வாசலுக்குப் போக விடாமல் காலில் கட்டும் கயிறு அது. 1921-இல் இலங்கையில் சட்டம் போட்டுத்தான் இந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

மலாயாவில் கங்காணிக்கு அந்த அளவு பலம் ஏறவில்லை. 1907-இல் இங்கே குடியேற்ற நிதி ஒன்று ஏற்பட்டது. தோட்ட முதலாளிகள் எல்லோரும் அதில் பணம் கட்டினார்கள். கப்பல் செலவை அந்த நிதி ஏற்றது. ஆகவே வந்து இறங்கும்போதே கங்காணியிடம் கப்பல் கடன் என்ற கயிறு கழுத்தில் விழவில்லை. போகப் போக, இங்கே இருந்த உறவினரின் கடிதத்தைப் பார்த்து, கங்காணி துணை இல்லாமல் தாமே டிப்போவுக்கு வந்து கப்பல் ஏறியவர்களும் பெருகினார்கள். ஒரு தபால் வில்லை கங்காணியின் வாசலுக்குப் பக்கத்தில் இன்னொரு வாசலைத் திறந்துவிட்டது!

1936 கடைசியில் இந்திய அரசாங்கத்தின் சார்பில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி மலாயாவுக்கு வந்து தோட்டங்களைப் பார்வையிட்டார். கங்காணி மூலம் ஆள் எடுப்பதை நிறுத்த வேண்டும் என்று 1937-இல் வெளிவந்த அறிக்கையில் எழுதினார். அடுத்த ஆண்டு, 1938 ஜூன் மாதம், மலாயாவுக்கு உதவிப் பயணத்தில் தொழிலாளர் வருவதையே இந்திய அரசாங்கம் தடை செய்தது. ஆள் கூட்டும் கங்காணியின் கதை அதோடு முடிந்தது.

நடுவில் இருந்தால் மட்டும் போதுமா?

"அப்படியானால் நடுவில் போய் நின்றுகொண்டால் போதும், பிழைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறதே!" என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. பொறுங்கள்.

கேரன் குக், ரிச்சர்ட் எமர்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் தம் துணைவர்களோடு சேர்ந்து செய்த ஒரு சோதனையை 1983-இல் வெளியிட்டார்கள். பேரம் பேசுவோரை ஒரு வரிசையாக இணைத்தார்கள். பக்கத்தில் இருப்பவரோடு மட்டும்தான் பேரம் பேசலாம். ஒரு சுற்றுக்கு ஒருவரோடு மட்டும்தான் முடிக்கலாம். ஐந்து பேரை நம் லயத்து வாசலில் வரிசையாக உட்கார வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். யாருக்குப் பலம் அதிகம்? நட்ட நடுவில் இருக்கும் மூன்றாமவருக்கு என்றுதானே சொல்வீர்கள்?

இல்லை! இரண்டாமவருக்கும் நான்காமவருக்கும்தான் பலம். ஏன்? இரண்டாமவருக்கு ஒரு பக்கம் முதலாமவர் இருக்கிறார். அந்த முதலாமவருக்கு வேறு கதியே கிடையாது. கொடுத்ததை வாங்கிக்கொள்வார். நான்காமவருக்கு அதே போல ஐந்தாமவர். நடுவில் இருக்கும் மூன்றாமவர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்க்கிறார். இரண்டு பக்கமும் "நீ குறைத்துக் கொடுக்காவிட்டால் எனக்கு வேறு ஆள் இருக்கிறது" என்கிறார்கள். பெயருக்கு நடு நாயகம், கைக்குக் கிடைப்பது ஓரத்து ஆளின் கூலி!

ஆக, பலம் நாற்காலி போட்டிருக்கும் இடத்தில் இல்லை. 'இவரை விட்டால் எனக்கு வேறு வழி இல்லை' என்று எத்தனை பேர் நினைக்கிறார்களோ, அந்த நினைப்பில் இருக்கிறது.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு பழைய சாட்சி உண்டு. ஜெராய் மலை அடிவாரத்தில், மெர்போக் பக்கம், பூஜாங் பள்ளத்தாக்கு அரும்பொருளகத்துக்குப் பிள்ளைகளை ஒரு முறை கூட்டிப் போயிருப்பீர்கள். போகாவிட்டால் அடுத்த பள்ளி விடுமுறையில் போய் வாருங்கள். சுங்கைப் பட்டாணியிலிருந்து எட்டிப் போகும் தூரம்தான். அங்குள்ள கோயில் அடித்தளங்கள், மணிகள், சீனப் பீங்கான் துண்டுகள் எல்லாம் நம் கடாரத்தின் கதையைச் சொல்லும். ஒரு பருவக் காற்றில் இந்தியக் கப்பல்கள் வரும், இன்னொரு பருவக் காற்றில் சீனக் கப்பல்கள் வரும். காற்று திரும்பும் வரை சரக்கோடு காத்திருக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம்தான் கடாரம். கிழக்குக்கும் மேற்குக்கும் நடு ஆளாக நின்றே ஸ்ரீவிஜய அரசு செழித்தது. மலாக்கா நீரிணை அதன் கைப்பிடியில் இருந்தது.

கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளி கட்டும் அளவுக்குச் சோழரோடு உறவாக இருந்தவர்தாம். ஆனால் 1025-ஆம் ஆண்டில் அதே சோழப் பேரரசின் கடற்படை, முதலாம் இராசேந்திரன் ஆணையில், கடாரத்தைத் தாக்கியது. சீன வணிகத்துக்கு நடுவில் நின்றவரின் பிடியைத் தளர்த்துவதும் அதற்கு ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகிறார்கள். பிறகு தமிழ் வணிகர் குழுக்களே இந்தப் பக்கம் வந்து தங்கி வாணிகம் செய்தன. சுமத்ராவில் பாரூஸ் அருகே கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அதற்குச் சான்று. நடு ஆள் கழுத்தை அதிகமாக நெரித்தால் ஓரத்து ஆள் வேறு வழி தேடுவார் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டுமா?

அந்த நாகப்பட்டினத்திலிருந்துதான் 900 ஆண்டுகளுக்குப் பிறகு நம் பாட்டன்மார் கப்பல் ஏறினார்கள். காலம் எப்படியெல்லாம் சுற்றி வருகிறது பாருங்கள்!

ஒன்றும் ஒன்றும் நான்கு!

இதுவரை நடு ஆளைப் பற்றிப் பேசினோம். இனி நம்மைப் பற்றிப் பேசுவோம். இதுதான் எனக்கு முக்கியம்.

மறுபடியும் 12 வெள்ளிக் கணக்கு. இந்த முறை துரை ஒருவர், கங்காணி ஒருவர், ஆனால் தொழிலாளிகள் இருவர். வேலைக்கு ஒருவர் போதும். "நீ வராவிட்டால் உன் பக்கத்து வீட்டுக்காரன் வருவான்" என்ற நிலைமை. இப்போது பங்கு என்ன? முன்பு இரண்டு கங்காணிகளுக்கு நேர்ந்த அதே கதி இப்போது தொழிலாளிகளுக்கு. ஆளுக்கு 1 வெள்ளி. துரைக்கு 5, கங்காணிக்கு 5!

கணக்குக்கு ஏழை பணக்காரன் தெரியாது. எவருக்குப் பதில் ஆள் இருக்கிறதோ அவருக்கு 1. எவருக்குப் பதில் ஆள் இல்லையோ அவருக்கு 5. நம் லயத்தில் நூறு குடும்பம் இருந்தும் நம் கை ஏன் தாழ்ந்தது என்பது இப்போது புரிகிறதா?

சரி, அந்த இரண்டு தொழிலாளிகளும் கை கோத்துக்கொண்டு, "போனால் இருவரும் போவோம், நின்றால் இருவரும் நிற்போம்" என்று சொல்லிவிட்டால்? அப்போது அவர்கள் இருவரும் கணக்கில் ஒரே ஆள். பழையபடி மூன்று பேர் ஆட்டம். பங்கு தலைக்கு 4. தனித்தனியாக நின்றபோது ஒன்றும் ஒன்றும் இரண்டு. சேர்ந்து நின்றபோது ஒன்றும் ஒன்றும் நான்கு! பள்ளிக்கூடத்தில் இந்தக் கூட்டலை எழுதினால் வாத்தியார் பிரம்பை எடுப்பார். ஆனால் வாழ்க்கையில் இது சரியான விடை.

நம் முன்னோர் ஷாப்லியைப் படித்தவர்கள் அல்ல. ஆனாலும் இந்தக் கூட்டலை அறிந்திருந்தார்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபோது, ஆர். எச். நாதன் அவர்களுக்கு முன்னணியில் நின்றார். சம்பள உயர்வு மட்டுமா கேட்டார்கள்? துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். உற்றார் உறவினரும் நண்பர்களும் தடையில்லாமல் தோட்டத்துக்குள் வந்து போக அனுமதி வேண்டும் என்றார்கள். இந்தக் கடைசிக் கோரிக்கையைக் கவனியுங்கள். ஒரு தோட்டத்தார் இன்னொரு தோட்டத்தாரோடு பேசக்கூடாது என்று வேலி போட்டிருந்தால் நடு ஆள் மட்டுமே செய்தி கொண்டுவருவார். வேலியைத் திறந்துவிட்டால் செய்தி தானாக ஓடும். அவர்கள் கேட்டது வாசல்! அந்த வேலை நிறுத்தத்தைப் பட்டாளத்தை விட்டு அடக்கினார்கள். உயிர்கள் போயின. நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

போர் முடிந்த பிறகு நம் பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் 'தொண்டர் படை' எழுந்தது. கள்ளுக்கடைக்கு எதிரான மறியலில் தொடங்கி, கெடாவின் பல தோட்டங்களுக்கு அது பரவியது. தொழிலாளியின் சம்பளம் எந்த வாசல் வழியாக வெளியே போகிறது என்பதை அவர்கள் சரியாகப் பார்த்தார்கள். 1947-இல் போலீஸ் நடவடிக்கையில் இந்த மண்ணில் இரத்தம் சிந்தியது. சுங்கைப் பட்டாணிக்குப் பஸ்ஸில் போகும்போது பீடோங்கைக் கடந்தால் ஒரு நிமிடம் அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

1954-இல் தனித்தனியாக இருந்த சங்கங்கள் ஒன்றாகி, தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி. பி. நாராயணன் அதை வழி நடத்தினார். அதே பத்தாண்டில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். துண்டாடப்பட்ட தோட்டங்களில் குத்தகைக்காரர் என்ற புதிய நடு ஆள் வந்து நின்றார். அப்போதுதான் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளரிடம் பங்குப் பணம் சேர்த்தார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அது முதன்முதலில் வாங்கிய தோட்டம் எது தெரியுமா? நம் கெடாவில் உள்ள புக்கிட் சிடிம்! பால் வெட்டியவரே தோட்டத்துக்குப் பங்குதாரர் ஆனார். துரையும் தொழிலாளியும் ஒரே ஆளாகிவிட்டால் நடு ஆளுக்கு நிற்க இடமேது?

இன்றைய கங்காணிகள்

"இதெல்லாம் பழங்கதை. பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயம் போய்த் தாமான் வந்துவிட்டது. கங்காணி எங்கே இருக்கிறார்?" என்று கேட்கிறீர்களா?

பெயர்தான் மாறியிருக்கிறது. இன்று செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுவோரில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள். 2016-இல் மலேசியாவும் வங்காளதேசமும் செய்த ஏற்பாட்டில், அங்கிருந்து ஆள் அனுப்பும் வேலை பத்து ஏஜென்சிகளின் கையில் மட்டும் இருந்தது. கட்டணம் மிக உயர்ந்துவிட்டது என்று புகார்கள் எழுந்தன. 2018-இல் மலேசிய அரசாங்கம் அந்த முறையை நிறுத்தி வைத்தது. பத்துப் பேரும் கூடி ஒரே விலை சொன்னால் கணக்கில் அவர்கள் ஒரே ஆள்தான். சேர்ந்து நிற்கும் வித்தை நமக்கு மட்டும் சொந்தமல்ல, பாருங்கள்! நம் பாட்டன் தலையில் ஏறிய கடன், இன்று பக்கத்துக் கொட்டகையில் தூங்கும் அந்த வாலிபன் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அவனை முறைத்துப் பார்க்கும் முன் இதை நினைத்துப் பாருங்கள். அவன் வேறு, நாம் வேறு என்று பிரிந்து நின்றால், "நீ வராவிட்டால் அவன் வருவான்" என்ற அந்த 1 வெள்ளிக் கணக்கில்தான் இருவரும் மாட்டிக்கொள்வோம்.

டவுனில் இருப்பவர்களுக்கும் நடு ஆள் உண்டு. பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை என்று அலையும் தாய்மார்களிடம், "நான் உள்ளே ஆள் வைத்திருக்கிறேன்" என்று பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் விற்பது என்ன? முகப்பில் இலவசமாகக் கிடைக்கும் பாரத்தை! 'எனக்கு வேறு வழி இல்லை' என்ற உங்கள் பயம்தான் அவருடைய மூலதனம்.

அதற்காக நடு ஆள் எல்லோரையும் விரட்டிவிடச் சொல்லவில்லை. தெரியாத இருவரைச் சேர்த்து வைப்பது உண்மையான உழைப்பு. கல்யாணத் தரகர் நல்ல இடம் காட்டினால் கூலி கொடுக்கத்தான் வேண்டும். சிறு தோட்டக்காரரின் பாலை எடுத்துப்போக லாரி வைத்திருப்பவர் டீசலும் போடுகிறார். உழைப்புக்கு உரிய 1 வெள்ளியைக் கொடுப்போம். வாசலை அடைத்துக்கொண்டு நிற்பதற்காகக் கேட்கும் மற்ற 3 வெள்ளியைத்தான் கொடுக்கக்கூடாது.

ஆகவே வாசகர்களே, அடுத்த முறை யாராவது இடையில் வந்து நின்றால், மூன்று கேள்விகளை மனத்துக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று: இவர் இல்லாமல் நானே நேரில் போனால் என்ன? ஒரு நாள் சம்பளம் போகலாம். ஆனால் வழி தெரிந்துவிடும். அடுத்த முறை பக்கத்து வீட்டு அக்காவுக்கு நீங்களே வழி காட்டலாம்.

இரண்டு: இவரைப் போல இன்னொருவர் இருக்கிறாரா? இருந்தால் அவரிடமும் விலை கேளுங்கள். கேட்டாலே போதும், முதலாமவரின் குரல் தணிந்துவிடும்.

மூன்று: என்னைப் போல இதே வாசலில் இன்னும் எத்தனை பேர் நிற்கிறார்கள்? அவர்களோடு நான் பேசினேனா? நேற்று அவர்களிடம் என்ன விலை சொன்னார் என்று கேட்டேனா? லயத்துக் குழாயடியில் நடந்த பேச்சு வீண் பேச்சு என்று ஆண்கள் கேலி செய்வார்கள். அந்தப் பேச்சில்தான் எந்தக் கடையில் நிறை குறைகிறது, எவர் வட்டி கொடியது என்பதெல்லாம் வெளியே வந்தது. அது வீண் பேச்சா?

கடைசியாக ஒரு சொல். நாம் ஒன்று சேர்ந்து ஒருவரைத் தலைவராக்கி அனுப்பினால், நமக்கும் மேலிடத்துக்கும் நடுவில் நிற்பவர் அவரே. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், நாம் கூட்டத்துக்குப் போகாமல், கணக்குக் கேட்காமல், மேலிடத்தோடு ஒரு கடிதம்கூட எழுதிப் பேசாமல் இருந்தால், நாமே கையால் ஒரு புதிய கங்காணியை வளர்க்கிறோம் என்று பொருள். சங்கத்துக்கும் இது பொருந்தும். கோயில் நிர்வாகத்துக்கும் பொருந்தும். கட்சிக்கும் பொருந்தும்.

உங்கள் பிள்ளை இன்று பள்ளியிலிருந்து வந்ததும் 12 நெருப்புக் குச்சிகளை எடுத்துப் போட்டு, இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். துரை, கங்காணி, தொழிலாளி என்று பெயர் வைத்து விளையாடட்டும். முதலில் ஒரு கங்காணி, பிறகு இரண்டு. முதலில் பிரிந்த தொழிலாளிகள், பிறகு சேர்ந்த தொழிலாளிகள். குச்சிகள் கை மாறுவதைப் பார்க்கும்போது அந்தப் பிள்ளை ஒரு கேள்வி கேட்கும்: "தாத்தா காலத்தில் இது யாருக்கும் தெரியாதாம்மா?"

தெரிந்திருந்தது, கண்ணே. அதற்காகத்தான் அவர்கள் பீடோங்கில் நின்றார்கள் என்று சொல்லுங்கள்.